மூன்றாவது ட்ரோத்தில் ஒரு தூளி அதிகம்

மெட்வே ஆற்றில் அன்று காலை பெய்த மழைக்கு மீன்களே கரையேறி ஒதுங்க இடம் தேடியிருக்கும். அந்த மழையில், ஒரு சின்னப் படகில், மடியில் கருவிப்பெட்டியும் பக்கத்தில் பெண்டாட்டியுமாக, ஜேபெஸ் க்ரிம்வுட் புதுக் கப்பலுக்கு வேலையில் சேர வந்துகொண்டிருந்தான்.

ஜேபெஸ் கப்பல் பாய்களைத் தைப்பவன். அரசரின் போர்க்கப்பல்களில் முப்பது வருஷமாகத் தடித்த கித்தான் துணியைக் குத்திக் குத்தி அவன் விரல்கள் காய்த்துப்போயிருந்தன. நண்டு கடித்தால் நண்டின் கொடுக்குதான் உடையும். பெண்டாட்டி டாம்சினுக்கு நாக்கு அப்படி. கப்பல் ஆற்றில் நிற்கும்வரை மனைவிமாரும் கூடத் தங்கிக்கொள்ளலாம் என்பதால் சட்டி, போர்வை, ஒரு மூட்டை வெங்காயம் சகிதம் அவளும் புறப்பட்டு வந்திருந்தாள்.

"எந்தக் கப்பல்ணே உங்களுக்கு?" என்றான் படகோட்டி.

"மூர்லார்க்."

படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "அப்படி ஒரு கப்பலே இப்ப இல்லியே. நேத்து மத்தியானம் பேரைச் சுரண்டிட்டாங்க. பிரெஞ்சுக்காரன் கூட மறுபடி சண்டை வருதாம்ல, சண்டைக்குப் போற கப்பலுக்குக் குருவி பேரு எதுக்குன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்களாம். பழைய பேரு ஒண்ணைத் தூசி தட்டி எடுத்து வச்சிருக்காங்க."

"எந்தப் பழைய பேரு?"

படகு கப்பலின் பின்புறமாக வளைந்தது. மழைக்குக் கட்டியிருந்த கித்தான் மறைப்பின் கீழே, சுரண்டிய மரம் எலும்பு மாதிரி வெளுத்துத் தெரிந்தது. அதன்மேல் இன்னும் காயாத மஞ்சள் வர்ணத்தில் ஒரே ஒரு சொல்.

ட்ரோத்.

கொடுத்த வாக்கு என்று அதற்கு அர்த்தம். கப்பல்படையில் அந்தப் பெயர் தாங்கிய மூன்றாவது கப்பல் இது. முதல் ட்ரோத் கிழடாகி, விறகாகி, யாரோ ஒரு புண்ணியவான் வீட்டு அடுப்பில் நிம்மதியாக எரிந்துபோனது. இரண்டாவது ட்ரோத்தில் ஜேபெஸ் வேலை பார்த்திருக்கிறான். அதைப் பற்றி எட்டு வருஷமாக அவன் வாயே திறந்ததில்லை.

"படகைத் திருப்பு," என்றான் ஜேபெஸ்.

"திருப்பினா ஓடிப்போனவன்னு பேராகிடும் மாப்ளே!" மேலிருந்து ஒரு குரல் இடித்தது. "முதுகுத் தோலை உரிச்சு உனக்கே பாயா தைக்கக் கொடுத்துடுவாங்க!"

இரண்டு ஆள் பருமனில், மேல்தளக் கம்பியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தவன் ரூஃபஸ் ஹெஸ்கெத். மேல்தளத்து ஆட்களை மேய்ப்பவன், எல்லோருக்கும் அவன் மேஸ்திரி. அவன் அதட்டினால் எதிர்க்கரையில் பசு பால் சுரப்பதை நிறுத்திவிடும். மூர்லார்க்கில் நல்ல இடம் காலியாக இருக்கிறது, உடனே கையெழுத்துப் போடு என்று ஜேபெஸுக்கு ஆள்விட்டுச் சொன்னவனும் அவன்தான்.

ஜேபெஸ் நூலேணியில் ஏறியதும் ஹெஸ்கெத்தின் காதருகே பல்லைக் கடித்தான். "உனக்குத் தெரியும்ல?"

"போன மாசமே தெரியும்."

"சத்தியம் பண்ணினியேடா. இந்தப் பேர் உள்ள கப்பல் பக்கமே என்னை வர விடமாட்டேன்னு."

ஹெஸ்கெத்தின் சிரிப்பு உதட்டோடு நின்றது. கண்ணுக்கு ஏறவில்லை. "என்னை இங்க போட்டுட்டாங்க. நான் மட்டும் எதுக்குத் தனியா மாட்டணும்?"

பின்னாலேயே மூச்சிரைக்க ஏறிவந்த டாம்சின் அதைக் கேட்கவில்லை. அவள் கண்கள் கலங்கியிருந்தன. மழையா, அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"ஹோசியா இருந்த கப்பல் பேரு," என்றாள். "பாரேன் ஜேபெஸ், அவன் பேரைச் சொல்ற மாதிரியே இருக்கு. அவனுக்குக் குடுத்த வாக்கை நீ காப்பாத்தினே. அதான் இந்தப் பேரு உன்னைத் தேடி வந்திருக்கு."

தேடித்தான் வந்திருந்தது.

*

ஹோசியா பீக், டாம்சினின் முதல் புருஷன். பாய்மரத்தின் உச்சியில் ஏறி நின்று விசிலடிக்கிற ரகம். சுறாவுக்கே வாலைத் திருகிவிட்டு வருவான் என்பார்கள். அவனுக்கும் பயம் என்று ஒன்று இருந்தது, ஒன்றே ஒன்று.

கப்பலில் மாலுமிகள் படுப்பது கித்தான் தூளியில். செத்தால் அதே தூளியிலேயே வைத்து, காலடியில் இரண்டு பீரங்கிக் குண்டு போட்டு, காலிலிருந்து தலைவரை பாய் தைப்பவன் தைத்துக்கொண்டே வருவான். கடைசித் தையலை மட்டும் கித்தானோடு சேர்த்துச் செத்தவனின் மூக்கிலே குத்தி இழுக்க வேண்டும். அதுதான் வழக்கம். உள்ளே உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் குத்தில் கத்திவிடுவான். வெட்டித் திறந்துவிடலாம். கத்தாதவன் நிஜமாகவே செத்தவன்.

வேறொரு கப்பலில், பலகையைச் சாய்த்துக் கடலில் தள்ளும் நேரத்தில் தூளிக்குள் ஒரு கால் உதைத்ததை ஹோசியா தன் கண்ணால் பார்த்திருந்தான். அன்றிலிருந்து ரம் கொஞ்சம் ஏறினால் போதும், ஜேபெஸின் சட்டையைப் பிடித்துக்கொள்வான்.

"மச்சான், நான் செத்தா நீதான் தைக்கணும். வேற எவனும் தொடக்கூடாது. மூக்குல நல்லா ஆழமாக் குத்து. சத்தியம் பண்ணு."

"ஒட்டகத்துக்குக் குத்துற மாதிரி குத்தறேன், போதுமா? தூங்குடா."

"சத்தியம்னு சொல்லு."

"சத்தியம்."

ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். டாம்சின் எழுதும் கடிதங்களை ஹோசியாவுக்குப் படிக்கத் தெரியாது. ஜேபெஸ்தான் படித்துச் சொல்வான். ஒவ்வொரு கடிதத்தையும் ஒருமுறை உரக்க, ஒருமுறை தனக்குள். இரண்டாவது தடவை ஏன் என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

ஜமைக்காவில் நின்ற இரண்டாவது ட்ரோத்தில் மஞ்சள் காய்ச்சல் ஏறியது. கேப்டனே படுக்கையில் விழுந்தார். அங்கேயும் மேஸ்திரியாக இருந்த ஹெஸ்கெத் பயத்தில் பேயாட்டம் ஆடினான். பிணங்களைப் பகலிலேயே வரிசையாகத் தைத்துத் தள்ளினார்கள். பதினொன்றாவதாக ஹோசியா.

காலிலிருந்து கழுத்துவரை தைத்தாகிவிட்டது. ஊசியை மூக்குக்கு நேரே கொண்டுபோனபோது ஜேபெஸ் அதைப் பார்த்தான்.

வாய்க்கு நேரே கித்தான் மெல்ல எழும்பியது.

மெல்ல உள்வாங்கியது.

ஜேபெஸ் நிமிர்ந்து ஹெஸ்கெத்தைப் பார்த்தான். ஹெஸ்கெத்தும் பார்த்துவிட்டிருந்தான். "திறந்தா காய்ச்சல் உனக்கும் ஒட்டும், எனக்கும் ஒட்டும். விடு," என்றான். ஹெஸ்கெத் சொன்னது அவ்வளவுதான். ஜேபெஸின் மனசுக்குள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு முகம் மட்டும் வந்து போனது, கடிதம் எழுதுகிறவளின் முகம்.

ஊசியை அவன் குத்தவில்லை. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தான்.

"ட்ரோத் கப்பலின் மாலுமி ஹோசியா பீக்," என்று பிரார்த்தனையில் சொன்னார்கள். பலகை சாய்ந்தது.

ஊர் திரும்பி டாம்சினிடம் ஜேபெஸ் சொன்னான்: "நானேதான் தைச்சேன். மூக்குல குத்தினேன். அசையவே இல்லை." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷம் கழித்து அதே கையைப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். கடைத்தெருவில் யார் கிடைத்தாலும், "என் வீட்டுக்காரன் வாக்குன்னா உயிரைக் குடுப்பான்" என்று பெருமை பேசினாள். அவள் அப்படிப் பேசும்போதெல்லாம் ஜேபெஸுக்கு நாக்கில் உப்புக் கரித்தது. உண்மை அவளுக்குத் தெரிந்த அன்று அவள் போய்விடுவாள். அந்தப் பயத்தோடுதான் அவன் எட்டு வருஷமும் படுத்தான், எழுந்தான்.

கப்பல்காரர்கள் கரையில் இருப்பவர்களிடம் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. கடலில் போடப்பட்டவனுக்குப் பழைய கப்பலா புதுக் கப்பலா என்றும் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. கடைசியாகக் காதில் விழுந்த தன் பெயரும் கப்பல் பெயரும்தான் தெரியும். அந்தப் பெயரில் கப்பல் இல்லாதவரை அவனுக்கு வர வழியில்லை. இரண்டாவது ட்ரோத்தை ஊர் திரும்பிய கையோடு உடைத்துப்போட்டிருந்தார்கள்.

*

முதல் நாள் மணியைத் தொங்கவிட்டார்கள். பெயர் எந்தக் கப்பலுக்குப் போகிறதோ அங்கே மணியும் போகும். விளிம்பில் இரண்டாவது ட்ரோத்தில் பார்த்த அதே நசுங்கல். யாரோ மணியின் நாக்கை இழுத்துப் பார்த்தார்கள். அந்த ஓசையை ஜேபெஸ் கடைசியாகக் கேட்டது ஜமைக்காவில்.

மறுநாள் விடிந்ததும் தூளிகள் மேலே வந்தன. கப்பலில் இது அன்றாட வேலை. அவனவன் தன் தூளியைச் சுருட்டி, ஏழு சுற்றுக் கயிறு கட்டி, இரும்பு வளையத்துக்குள் நுழைத்துக் காட்ட வேண்டும். நுழைந்தால்தான் இறுக்கிக் கட்டியதாக அர்த்தம். அப்புறம் கப்பலின் ஓரமாக வரிசையில் அடுக்குவார்கள். சண்டையில் குண்டுக்குத் தடுப்பு. வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஹெஸ்கெத் எண்ணினான்.

"நூத்தி நாப்பத்தி ரெண்டு. நூத்தி நாப்பத்தி மூணு. நூத்தி நாப்பத்தி நாலு."

நிறுத்தினான்.

"எத்தனை பேர்டா நாம?"

"நூத்தி நாப்பத்தி மூணு மேஸ்திரி," என்றான் ஒருவன். "போன வாரம் பீப்பாயை எண்ணினப்பவும் உங்களுக்கு ஒண்ணு அதிகமா வந்துச்சு. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க."

"உன் வாய்க்குப் பூட்டுப் போடறேன் இரு." எல்லோரும் சிரித்தார்கள். ஹெஸ்கெத்தும் சிரித்தான். கடைசியாக வளையத்தில் நுழைந்த தூளி அவன் கையிலேயே இருந்தது.

அது நனைந்திருந்தது.

மழை விட்டு ஒரு ராத்திரி ஆகிவிட்டது. மற்ற தூளிகளெல்லாம் காய்ந்த ரொட்டி மாதிரி இருக்க, இதிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. பலகையில் விழுந்த சொட்டுக்களில் வெள்ளை மணல். மெட்வேயில் இருப்பது கரிய சேறு. வெள்ளை மணல் எங்கே இருக்கிறது என்று ஹெஸ்கெத்துக்கும் ஜேபெஸுக்கும் தெரியும்.

கித்தானில் மங்கிய எண் ஒன்று. எண்பத்தேழு.

"ஹோசியாவோட நம்பர்," என்று ஜேபெஸ் முணுமுணுத்தான்.

ஹெஸ்கெத் அதை வரிசையின் கோடியில் செருகிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தான். துடைத்தான், துடைத்தான், தோலே உரிந்துவிடும்போலத் துடைத்தான்.

சாயங்காலம் தூளிகளை எடுத்துக் கொடுத்தபோது நூற்று நாற்பத்து மூன்றுதான் இருந்தது. அடுத்த நாள் காலை மறுபடி ஒன்று அதிகம். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் அது முன்னைவிடக் கனமாக இருந்தது. சுருட்டிய வெறும் கித்தானின் கனமில்லை அது. வளையத்துக்குள் நுழைக்கும்போது உள்ளே ஏதோ மடங்கி, பிறகு நிமிர்ந்தது.

*

பாய்களை வைக்கும் அறை கப்பலின் வயிற்றில் இருந்தது. நட்டநடுப் பகலிலும் அங்கே விளக்கு வேண்டும். தார் வாசனை, சணல் வாசனை, மெழுகு வாசனை. அன்று அதோடு இன்னொரு வாசனையும் சேர்ந்திருந்தது. காய்ச்சல்காரர்களின் அறையைக் கழுவும் புளிப்பு வினிகர்.

ஜேபெஸ் புதுப் பாய் ஒன்றை விரித்தான். முந்தின நாள் தைத்து முடித்தது. ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தவன் விரல் கடைசியில் நின்றது.

கடைசித் தையல் இல்லை.

அடுத்த பாயை எடுத்தான். அதிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. எல்லாவற்றிலும் நூல் ஒரே இடத்தில் துண்டாகியிருந்தது. கத்தியால் வெட்டிய நூல் நேராக இருக்கும். இது நசுங்கிப் பிசிறடித்திருந்தது.

பல்லால் கடித்தது.

அவன் படியேறி ஓடினான். ஹெஸ்கெத்தைப் பிடித்து உலுக்கினான். "பாதிரியாரைக் கூப்பிடு. இல்லே கேப்டன்கிட்ட சொல்லிடலாம். ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லிடலாம்."

"என்னத்தைச் சொல்ல? உயிரோட தள்ளிட்டோம்னா? தூக்குல போடுவான்." ஹெஸ்கெத்தின் முகம் மாவு பூசினது மாதிரி இருந்தது. ஆனால் குரல் திடீரென்று இனிப்பாகிவிட்டது. "சரி வா. கீழே போய் ஒருதடவை நல்லாப் பார்த்துடுவோம். ரெண்டு பேர் இருந்தா பயமில்லே."

ஜேபெஸ் முன்னால் இறங்கினான். அறைக்குள் கால் வைத்ததும் முதுகில் ஒரு தள்ளு. கதவு சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

"ஹெஸ்கெத்!"

"தைச்சவன் நீ," என்றது கதவுக்கு வெளியே குரல். "அவனுக்கு வேண்டியது நீதான். எண்ணிக்கை சரியாகட்டும் மாப்ளே. என்னை விட்டுடச் சொல்லு."

ஜேபெஸ் திரும்பினான்.

வேலை மேசையில் தூளி கிடந்தது. மேல்தளத்து வரிசையில் இருக்க வேண்டிய தூளி. சுருட்டு அவிழ்ந்து, நீளமாக, ஒரு ஆள் உயரத்துக்கு.

காலிலிருந்து கழுத்துவரை தைத்திருந்தது. அவனுடைய தையல்தான். அம்மா தன் பிள்ளையின் எழுத்தை அடையாளம் காண்பதுபோல அவனுக்கு அது தெரிந்தது.

வாய்க்கு நேரே கித்தான் மெல்ல எழும்பியது.

*

மத்தியானம் பட்டாணி சூப்போடு டாம்சின் கீழே வந்தாள். பாய் அறைக் கதவின்முன் ஒரு பீப்பாயைப் போட்டு ஹெஸ்கெத் உட்கார்ந்திருந்தான். கையில் ரம். அது எத்தனையாவது கோப்பை என்று பீப்பாய்க்குத்தான் தெரியும்.

"என் ஆள் எங்க மேஸ்திரி?"

"உள்ளே." அவன் சிரித்தான். "உன் ரெண்டு புருஷனும் உள்ளேதான் இருக்காங்க அம்மணி."

"குடிச்சா எதிர்ல இருக்கிறவ யாருன்னு பார்த்துப் பேசு. கரண்டிக் காம்பாலயே மண்டையைப் பொளந்துடுவேன்."

அப்போது கதவுக்குப் பின்னால் ஜேபெஸின் குரல் கேட்டது. அவளோடு பேசவில்லை. வேறு யாரோடோ, மிகத் தணிந்து, கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் ஹோசியா. வேற என்ன வேணாலும் செய். அவளுக்கு மட்டும்..."

டாம்சின் சூப்புச் சட்டியைத் தரையில் வைத்தாள். ஹோசியாவின் அந்த ஒரே பயம் எது என்று அவளுக்கும் தெரியும். கதவில் நெற்றியைச் சாய்த்தாள்.

"ஜேபெஸ்."

உள்ளே பேச்சு நின்றது. பிறகு கதவைப் பிராண்டும் சத்தம். "டாம்சின்! திற! தாழ்ப்பாளை எடு!"

"ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு நீ ஊசியைக் கொண்டுபோனப்ப, அவனுக்கு மூச்சு இருந்துச்சா?"

எங்கோ தண்ணீர் சொட்டியது.

"ஜேபெஸ்."

"இருந்துச்சு."

"மூக்குல குத்தினியா?"

"இல்ல."

"ஏன்?"

எட்டு வருஷம் அடைத்து வைத்திருந்த சொல் வெளியே வர எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு மூச்சு நேரம்.

"குத்தினா கத்திடுவான்னு."

டாம்சினின் கை தாழ்ப்பாளின்மேல் இருந்தது. ஒரு விரலால் தள்ளினால் போதும். அவள் தள்ளவில்லை. கையை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

உள்ளே ஜேபெஸ் கத்தினான். பிறகு கெஞ்சினான். பிறகு அவன் குரலின்மேல் ஏதோ மூடியதுபோல அமுங்கியது.

அதன்பின் ஒரு சத்தம். பாய் தைப்பவன் பெண்டாட்டிக்கு அது தூக்கத்திலும் தெரியும். தடித்த கித்தானில் மெழுகு நூலை இழுக்கும் சத்தம்.

சர்ர்ரக்.

சற்று நிறுத்தம்.

சர்ர்ரக்.

அவசரமே இல்லை. தரையில் பட்டாணி சூப் ஆறி, மேலே ஏடு கட்டியது. ஹெஸ்கெத் காதுகளைப் பொத்திக்கொண்டான். டாம்சின் பொத்தவில்லை. ஒவ்வொரு தையலாகக் கேட்டாள். காலிலிருந்து முழங்கால். முழங்காலிலிருந்து இடுப்பு. இடுப்பிலிருந்து மார்பு. எங்கே வந்திருக்கிறது என்று அவளால் சொல்ல முடிந்தது.

கழுத்து.

சத்தம் நின்றது.

"டாம்மி," என்றது உள்ளே ஒரு குரல். ஈரமான, மூச்சில்லாத குரல். அவளை அப்படிக் கூப்பிட்டவன் உலகத்தில் ஒருவன்தான். "மிச்சம் ஒண்ணுதான்."

அவள் எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள்.

*

அறையில் ஆள் யாருமில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரை முழுக்க வெள்ளை மணல். மேசையில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு தூளி, கழுத்துவரை தைத்து, முகத்தின்மேல் கித்தான் மடித்துவிடப்பட்டு. கடைசித் தையல் போடவில்லை. நூலின் நுனியில் ஊசி தொங்கி ஆடியது.

சத்தம் கேட்டுக் கீழே ஓடிவந்திருந்த இரண்டு மாலுமிகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு ஹெஸ்கெத் உள்ளே வந்தான். எட்டிப் பார்த்தான். மறு நிமிஷமே அலறினான்.

"தூக்கு! மேலே கொண்டுபோய் ஆத்துல போடு! திறக்காதே. யாரும் திறக்கக்கூடாது!"

அவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

"கீழே வைங்கடா," என்றாள் டாம்சின்.

இதுவரை ஹெஸ்கெத்தின் உத்தரவுக்கு எதிர் உத்தரவு போட்டு அந்தக் கப்பலில் யாரும் பேசியதில்லை. வைத்துவிட்டார்கள்.

அவள் தூளியின்மேல் குனிந்தாள். வாய்க்கு நேரே கித்தான் மெல்ல எழும்பியது. மெல்ல உள்வாங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வருஷத்துக்குமுன் ஒருத்தன் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றானோ, சரியாக அவ்வளவு நேரம்.

பிறகு தொங்கிய ஊசியைப் பிடித்தாள். மூக்குக்கு நேரே வைத்தாள். ஆழமாகக் குத்தினாள்.

உள்ளேயிருந்து வந்த அலறலில் மெட்வே ஆற்றுக் கடல்காக்கைகள் பயந்து ஒரேயடியாக ஹாலந்துக்குப் பறந்துபோயின. அடுத்த வாரம்தான் திரும்பின என்று சொல்வார்கள்.

"உயிர் இருக்கு," என்றாள் டாம்சின். "அவுத்து விடுங்க."

கித்தானைக் கிழித்தார்கள். ஜேபெஸ் மூக்கில் ரத்தம் ஒழுக, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான். அவள் ஊசியைத் தன் பாவாடையில் துடைத்து அவன் நெஞ்சின்மேல் வைத்தாள்.

"அன்னிக்கும் இவ்வளவுதான் வேலை," என்றாள்.

அதுதான் அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது. சட்டியை எடுத்துக்கொண்டாள், போர்வையை எடுத்துக்கொண்டாள், வெங்காய மூட்டையைக்கூட விடவில்லை. ஒரு மணி நேரத்தில் படகில் கரைக்குப் போய்விட்டாள். நூலேணியில் இறங்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

*

கை நடுக்கம் நிற்காத ஆள் பாய் தைக்க லாயக்கில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஜேபெஸைக் கரையில் இறக்கினார்கள். அவனிடத்துக்கு வேறு ஆள் வரும்முன்பே சண்டை வந்துவிட்டது. பாய் தைப்பவன் இல்லாமலே மூன்றாவது ட்ரோத் கடலுக்குப் போனது.

போகிற அன்று காலை ஹெஸ்கெத் தூளிகளை எண்ணினானாம். ஆளும் தூளியும் சரிக்குச் சரி. ஒன்றுகூட அதிகமில்லை. சந்தோஷத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாய் ரம் ஊற்றினானாம். அவன் வாழ்நாளில் பிறருக்கு ரம் ஊற்றியது அந்த ஒரு தடவைதான்.

ஆறு வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் அசைவு நின்றது. தூளியில் வைத்துத் தைத்தவன் தச்சன். மரம் இழைக்கத் தெரியும், மூக்கில் குத்த வேண்டும் என்ற வழக்கம் தெரியாது. கழுத்துவரை தைத்தான், முடிச்சுப் போட்டான், பலகையைச் சாய்த்தார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. அவசரம்.

ஜேபெஸ் கரையிலேயே வலை பழுதுபார்த்து வயிற்றைக் கழுவினான். மூக்கில் போட்ட அந்தத் துளை ஆறவே இல்லை. குளிர்காலத்தில் அதன் வழியாகக் காற்று விசிலடித்தது. அவனைத் தெருவில் கண்டால் டாம்சின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவாள். மூன்றாவது ட்ரோத் பிரெஞ்சுக்காரன் குண்டு வாங்கி மூழ்கியது என்று கேள்விப்பட்டபோது, இனி அந்தப் பெயரில் கப்பல் இல்லை என்று அவன் முதல்முறையாக முழுசாக ஒரு தூக்கம் தூங்கினான்.

பதினோரு வருஷம் தூங்கினான்.

ஜூன் மாதம். மூன்று வாரமாக ஒரு சொட்டு மழையில்லை. ஆற்றங்கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஜேபெஸின் காதில் ஒரு மணியோசை விழுந்தது. நசுங்கிய விளிம்பின் ஓசை. கடலடியில் கிடக்க வேண்டிய மணி.

நிமிர்ந்து பார்த்தான். புத்தம் புதிய போர்க்கப்பல் ஒன்று வெயிலில் பளபளத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி வந்தது. கரையில் ஜனங்கள் தொப்பியை வீசிக் கத்தினார்கள். பின்புறத்தில் இருந்த பெயரை அவன் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவன் பார்த்தது கப்பலின் ஓரமாக வரிசையில் அடுக்கியிருந்த தூளிகளை.

வெயிலில் எல்லாம் வெளேரென்று காய்ந்திருந்தன. கோடியில் இருந்த இரண்டைத் தவிர.

அந்த இரண்டிலிருந்தும் கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் கோடாக வழிந்தது. ஒன்று பழையது, சாயம் மங்கியது. மற்றது கொஞ்சம் புதியது, இரண்டு ஆள் பருமன்.

ஜேபெஸின் மூக்குத் துளையிலிருந்து ஒரு சொட்டு உதட்டில் விழுந்தது. உப்புக் கரித்தது.

கப்பல் அவனைக் கடந்தபோது, பழைய தூளியின் தலைப்பக்கம் அவன் இருந்த கரையை நோக்கித் திரும்பியது. காற்றே இல்லாத அந்த நடுப்பகலில், அதன் கித்தான் மெல்ல எழும்பியது.

மெல்ல உள்வாங்கியது.